ஆன் செய்ய வேண்டாம்

என் வீட்டுக்காரரைச் சொந்தக்காரர்கள் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டாக்டர் என்பார்கள். படித்தது டிப்ளமா, பார்க்கிற வேலை லிஃப்ட் மெக்கானிக். இருந்தாலும் குடும்பத்தில் எந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தும்மல் வந்தாலும் முதல் போன் எங்களுக்குத்தான் வரும். இவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் தோள்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பையில் ஸ்க்ரூடிரைவர் செட், கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை நம் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்க்கிற ஒயர், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய ஏழெட்டுப் பென் டிரைவ்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வைத்தியம். ஒன்று வைரஸுக்கு. ஒன்று தெரியாமல் அழித்ததைத் தோண்டி எடுக்க. ஒன்று டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுக்க. கெட்டுப்போன டிஸ்க்கைப் பழுது பார்க்கிற ரிப்பேர் டூலுக்கு மட்டும் சிவப்பு டேப் சுற்றி வைத்திருந்தார், ஆபரேஷன் கத்தி மாதிரி.

போன வீட்டில் முதலில் டி.வி.யை நிறுத்தச் சொல்வார். அப்புறம் ஃபேனை. ஸ்க்ரூடிரைவரின் முனையை டிஸ்க்கின் முதுகில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். லிஃப்ட் மோட்டாரில் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க மெக்கானிக்குகள் செய்கிற வேலை அது. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

"ம்ம்... துடிப்பு சரியாத்தான் இருக்கு."

"எத்தனை மாசம்னும் கேட்டுச் சொல்லிடுங்க" என்பேன் நான். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் என் பக்கம் வீசுவார்.

என் தங்கை முக்கியமான ஃபைல்களையெல்லாம் குப்பைத்தொட்டிப் படம் போட்ட ரீசைக்கிள் பின்னில் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். அங்கே வைத்தால் யாரும் கை வைக்க மாட்டார்களாம். இவர் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதைக் காலி செய்தார். தங்கை போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் ஓடி வந்தார். அன்று மாலைக்குள் அத்தனையையும் தோண்டி எடுத்துக் கொடுத்துவிட்டார் என்பது வேறு விஷயம். அதிலிருந்து அவளுக்கு இவர் என்றால் தெய்வம். காலி செய்ததும் இதே தெய்வம்தான் என்பதை அவள் மறந்துவிட்டாள், நான் மறக்கவில்லை.

அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. "முதல்ல காப்பி, அப்புறம் வைத்தியம்." சாகக் கிடக்கிற டிஸ்க்கில் ரிப்பேர் ஓட்டக் கூடாது, முதலில் நகல் எடுக்க வேண்டும், நகலில்தான் எதையும் செய்து பார்க்க வேண்டும். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் இதைச் சொல்வார். எனக்கே மனப்பாடம்.

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனிமேல் சிரிப்பு வராது. வெட்கம்தான் வரும். அதில் பாதி அவருடையது, பாதி என்னுடையது.

அவருடைய அண்ணன், எனக்கு அத்தான், காய்கறி மொத்த மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவர். முப்பது வருஷம் மைக் இல்லாமல் ஏலம் விட்ட தொண்டை. அவர் வீட்டில் மெதுவாகப் பேசினால் பக்கத்துத் தெருவுக்கும் மெதுவாகக் கேட்கும். போனில் அவர் பேசினால் நான் போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் பாத்திரம் துலக்கிக்கொண்டே பதில் சொல்வேன். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும், எடுத்தால் பேச்சு வராது என்று சொல்லிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா ஒரு வழி சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னால் நிறைய வாக்கியங்களை அவர் குரலில் பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அவர் போனில் டைப் அடித்தால் போன் அவருடைய குரலிலேயே பேசும். வாக்கியப் பட்டியல் ஒன்றும் கொடுத்தார். அத்தான் பின்னறை ஜன்னலில் போர்வைகளைத் தொங்கவிட்டு, கதவில் மெத்தையைச் சாய்த்து வைத்து, மூன்று வாரம் உட்கார்ந்து பதிவு செய்தார். வலி இருந்த நாளில் வெந்நீரைக் குடித்துக் குடித்துப் பேசினார்.

பட்டியலைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்ததாம். "எனக்குத் தண்ணீர் வேண்டும், ஜன்னலைத் திறந்து விடுங்கள். என்னடா இது, எல்லாம் நோயாளி பேசுற பேச்சா இருக்கு? நான் வீட்ல பேசறத யாரு பேசுவா?" என்று அவரே தனியாக ஒரு பட்டியல் போட்டார். ரிமோட்டை எங்கே வைத்தீர்கள் என்று கத்துவதிலிருந்து தம்பியைத் திட்டுவது வரை எல்லாம் இருந்தது. "சரி சரி, நீ சொன்னதே சரி" என்று அக்காவுக்காக மட்டும் மூன்று தினுசில் சொல்லி வைத்தார். அக்கா என்று நான் சொல்வது அவருடைய மனைவியை. மொத்தம் ஆயிரத்து எழுநூறு வாக்கியங்கள். எல்லாம் அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில், ஒரே டிஸ்க்கில். நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் பெட்டி கட்டுகிற பரபரப்பில் ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஆபரேஷன் முடிந்து அத்தான் வீடு திரும்பி மூன்றாவது வாரம் அக்கா கம்ப்யூட்டரைப் போட்டார். டிக் டிக் என்று சத்தம் வந்தது. திரையில் டிஸ்க்கை ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது. நல்லவேளையாக அக்கா எதையும் அமுக்காமல் தெருமுனைக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்தக் கடைக்காரர் சத்தத்தைக் கேட்டதுமே மின்சாரத்தை நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி, நுரை உறையில் சுற்றி, மேலே ஒரு சீட்டை ஒட்டிக் கொடுத்தார். கொட்டை எழுத்தில், 'ஆன் செய்ய வேண்டாம். லேபுக்கு மட்டும்.' வெளியூரில் தூசி புகாத அறை வைத்து இந்த மாதிரி டிஸ்க்குகளைத் திறக்கிற லேப் இருக்கிறது, இரண்டு மூன்று வாரம் ஆகும், நிச்சயம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு இருக்கிறது என்றார்.

அக்கா லேபுக்கு அனுப்பவில்லை. "அதுக்கு முன்னாடி நம்ம டாக்டர் ஒரு தடவ பாத்துடட்டும்" என்று எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்ட மேஜையைத் துடைத்துவிட்டு அந்தப் பொட்டலத்தை வைத்தோம். அவர் சீட்டைப் படித்தார்.

"கடைக்காரர் சொல்றது சரிதான். இது நம்ம வேலை இல்ல. லேபுக்கே போகட்டும்."

அவர் சொன்னார். அவர் வாயாலேயே சொன்னார். இதை நான் எழுதாமல் விட்டால் இந்தக் கதையில் என் பங்கு யாருக்கும் தெரியாது.

நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சிரித்தேன். "அவ்வளவுதானா? ஒரு துண்டுச் சீட்டுக்கே டாக்டர் கைய விரிச்சுட்டாரா? அத கிழிச்சுப் போட்டுட்டு ஒரு தடவ பாருங்க. அத்தானோட குரல் அதுக்குள்ள கிடக்கு, நீங்க என்னடான்னா கடைக்காரன் காட்டற பூச்சாண்டிக்குப் பயப்படறீங்க."

வழக்கமாக நான் பேசுகிற கேலிதான். ஆனால் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எழுந்து போய்த் தோள்பையை எடுத்து வந்தார். சீட்டைக் கிழிக்கவில்லை, ஓரத்தை நகத்தால் நிமிண்டிப் பதமாக உரித்து மேஜை விளிம்பில் ஒட்டி வைத்தார்.

நகல் எடுக்கப் பெரிய டிஸ்க் ஒன்று காலியாக வேண்டும். அவரிடம் இருந்ததில் சினிமாப் படங்கள் நிறைந்து கிடந்தன, இருநூறுக்கு மேல். அதை அழிக்க அவருக்கு மனசு வரவில்லை. அழித்தாலும் நகல் எடுக்க ஆறேழு மணி நேரம் ஆகும். "லேசா ஓட்டிப் பாப்போம்" என்று சிவப்பு டேப் சுற்றிய பென் டிரைவைச் சொருகினார். நினைத்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. இருநூறு சினிமா. அதில் பாதியை அவர் இன்னும் பார்க்கவே இல்லை.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஓடியது. டிக் டிக் என்றது, நின்றது, மறுபடி ஓடியது. முக்கால் மணி நேரம் கழித்து டிஸ்க்கில் புதிதாக ஒரு ஃபோல்டர் வந்தது. ரிப்பேர் டூல் அப்படித்தான் செய்யும். பேர் தெரியாமல் சிதறிக் கிடக்கிற துண்டுகளைப் பொறுக்கி, அதுவே எண் போட்டு ஒரு ஃபோல்டரில் போட்டுவிடும். அதில் பதினொரு குரல் துண்டுகள் இருந்தன. அவர் முதல் வேலையாக அவற்றைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டார். ஒன்றைத் தட்டினார்.

"எனக்கு இந்தப் பக்கம் வலிக்கிறது" என்று அத்தான் எங்கள் சாப்பாட்டு மேஜையில் பேசினார்.

நாங்கள் இரண்டு பேரும் கையைத் தட்டிக் குதித்தோம். நான் அவர் தலைமுடியைக் கலைத்துவிட்டேன். தலைகால் புரியவில்லை எங்களுக்கு.

"பதினொன்னு வந்துச்சே, மிச்சமும் வந்துடும்" என்று இரண்டாவது தடவை ஓட்டினார். ஒரு மணி நேரம் ஓடியது. டிக் டிக் என்றிருந்த சத்தம் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி மாறியது. அவர் பாய்ந்து ஒயரைப் பிடுங்கினார். அதற்குப் பிறகு அந்த டிஸ்க் எந்தச் சத்தமும் போடவில்லை.

ஆறு மணிக்கு அக்கா போன் செய்தார். இவர் ஸ்பீக்கரில் போட்டார். "என்னாச்சு தம்பி? பாத்தியா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன்.

"இல்ல அண்ணி. நான் ஆன் பண்ணவே இல்ல. சீட்டப் பாத்தேன், கடைக்காரர் சொல்றது சரின்னு பட்டுச்சு. லேபுக்கே போகட்டும்."

"நீ சொன்னா சரிதான்" என்றார் அக்கா.

இவர் மேஜை விளிம்பில் இருந்த சீட்டை எடுத்துப் பழைய இடத்திலேயே ஒட்டினார். பசை போய்விட்டிருந்தது. நான் செல்லோ டேப் எடுத்துக் கொடுத்தேன்.

லேபுக்கு நாங்களே பஸ்ஸில் கொண்டுபோனோம். அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். ஐந்தாவது கேள்வி: சத்தம் வந்த பிறகு ஏதேனும் ரிப்பேர் டூல் ஓட்டப்பட்டதா? அவர் பேனா அந்த இடத்தில் நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த பெண், "ஓட்டியிருந்தா சொல்லிடுங்க சார், அதுக்குத் தகுந்த மாதிரி திறப்போம்" என்று நல்ல விதமாகத்தான் சொன்னாள். எனக்கு வேர்த்தது. "போட்டுக் குடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன். அவர் 'இல்லை'யில் டிக் போட்டார்.

இரண்டு வாரம் கழித்து லேபிலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. உள்ளே தட்டு முழுக்க உரசிப்போய்விட்டது, ஒன்றும் எடுக்க முடியாது, சத்தம் வந்த பிறகும் யாரோ ரொம்ப நேரம் ஓட்டியிருக்கிறார்கள்.

யாரோ என்றால் யார்? கொழுந்தன் தொடவில்லை. மிச்சம் இருப்பது கடைக்காரர்தான். அக்கா எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு கடைக்குக் கிளம்பினார். துணைக்கு என்னைக் கூப்பிட்டார். நான் போனேன். வயிற்று வலி என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லிவிட்டு இந்தச் சின்னப் பொய் வாயில் வரவில்லை.

சாயங்கால நேரம், தெருவில் நல்ல கூட்டம். அக்கா வாய்க்கு வந்தபடி பேசினார். "என் புருஷன் குரலக் கொன்னுட்டியே" என்று கத்தினார். கடைக்காரர் எழுந்து நின்று, "ரெண்டு நிமிஷத்துக்கு மேல நான் ஓட்டலம்மா. சத்தம் கேட்டதும் நிறுத்திட்டேன். அதனாலதான சீட்டு ஒட்டிக் குடுத்தேன்" என்றார்.

அப்போது நான் ஒன்று சொன்னேன். யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. "சீட்டு ஒட்டிட்டா பண்ணின தப்பு மறைஞ்சுடுமா?" என்றேன்.

கூட்டத்தில் ஒருவர் "அதானே" என்றார். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கோபம்கூட இல்லை அதில். இந்த அம்மா யார், எதற்குப் பேசுகிறாள் என்று புரியாத பார்வை. பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நிம்மதியாக உள்ளே போயிருப்பேன்.

அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு ஆள் போவது குறைந்தது. 'அந்தக் கடையா, வேண்டவே வேண்டாம்' என்று எங்கள் அடுக்குமாடியிலேயே இரண்டு பேர் சொல்லக் கேட்டேன். கேட்டுவிட்டுப் படியேறி வந்தேன்.

அத்தான் ஒரு சின்ன வெள்ளைப் பலகை வைத்திருந்தார், எழுதி அழிப்பதற்கு. லேப் செய்தி வந்த அடுத்த நாள் நாங்கள் போனபோது இவர் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். தம்பி தனக்காக வருத்தப்படுகிறான் என்று அத்தான் நினைத்துக்கொண்டார். முதுகில் தட்டிவிட்டுப் பலகையில் எழுதிக் காட்டினார். 'விடுடா. உன் கைக்கு முதல்ல வந்திருந்தா காப்பாத்தியிருப்ப.'

இவர் படித்தார். எழுந்து பாத்ரூமுக்குப் போனார். குழாய்ச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

அத்தானின் போனில் பொதுக் குரல் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். யாரோ செய்தி வாசிக்கிற ஆள் மாதிரி இருக்கும். 'டீ ஆறிப்போச்சு' என்று அவர் டைப் அடித்தால் புயல் எச்சரிக்கை மாதிரி வரும். முதலில் எல்லோரும் சிரித்தார்கள், அத்தானும் சத்தமில்லாமல் சிரித்தார். ஒரு மாதத்தில் சிரிப்பு நின்றது. அவர் டைப் அடிப்பதையும் குறைத்துக்கொண்டார்.

எங்கள் டாக்டர் தொழிலை விட்டுவிட்டார். யாராவது போன் செய்தால் கண் வலிக்கிறது, வேலை அதிகம் என்று எதையாவது சொன்னார். என் தங்கை கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு நேரிலேயே வந்தபோது, "எனக்கு ஒன்னும் தெரியாதும்மா, தெரியற மாதிரி நடிச்சேன்" என்றார். அவள் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டு போனாள். கடைத்தெரு வழியாகப் போவதையும் நிறுத்திவிட்டார். வேலைக்குப் பத்து நிமிஷம் சுற்றிக்கொண்டு போனார்.

நான்கு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் துவைக்கப் போட்ட அவருடைய யூனிஃபார்ம் சட்டையின் உள்பையில் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய சிவப்பு டேப் பென் டிரைவ் கிடைத்தது. அதில் ஏற்றிய பதினொரு துண்டையும் அன்று இரவே அழித்துவிட்டதாக என்னிடம் சொல்லியிருந்தார்.

"அழிச்சுட்டேன்னு சொன்னீங்களே?"

"அழிக்கத்தான் போனேன்" என்றார். "அண்ணன் குரல் அது. எப்படி அழிக்கிறது?"

"அப்ப குடுத்திருக்கலாமே?"

"எப்படிக் குடுக்கிறது? ஆன் பண்ணவே இல்லன்னு சொல்லிட்டு, உள்ள இருந்தத எடுத்து எப்படி நீட்டறது?"

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது ஒரு கட்டிடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து, பென் டிரைவைப் போனில் சொருகிக் கேட்பாராம். பதினொரு துண்டும் வரிசையாக, ஒவ்வொன்றிலும் மூன்று நாலு வாக்கியம். எனக்கு இந்தப் பக்கம் வலிக்கிறது. ஜன்னலைத் திறந்து விடுங்கள். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்று எண்ணுவது. டேய், ரிமோட்ட எங்கடா வச்சீங்க. தினமும் கேட்டிருக்கிறார். எனக்குப் பாவமாக இருந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. அண்ணன் மனைவி கேட்க முடியாத குரலை இந்த மனுஷன் தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாரே என்று.

அந்த வாரமே அக்கா போன் செய்தார். குரலில் நாலு மாதமாக இல்லாத பரபரப்பு. "புதுசா ஏதோ வந்திருக்காம். ஆயிரம் வாக்கியமெல்லாம் வேண்டாமாம். ஒன்னரை நிமிஷம் இரைச்சல் இல்லாத பேச்சு இருந்தாலே போதுமாம், கிட்டத்தட்ட அவர் குரல் மாதிரியே பண்ணிடலாம்னு அந்தப் பேச்சுப் பயிற்சி அம்மா சொல்றாங்க. எங்ககிட்ட இருக்கற வீடியோவுல எல்லாம் ஒரே கூட்டம், மார்க்கெட் சத்தம். உங்ககிட்ட ஏதாவது இருக்கா பாரேன்."

பாக்கிறேன்க்கா என்று வைத்துவிட்டேன். பதினொரு துண்டையும் கூட்டிப் பார்த்தோம். ஒரு நிமிஷம் ஐம்பது வினாடி. போர்வை தொங்கவிட்ட அறையில் பேசியது, ஒரு கொசுச் சத்தம்கூட இல்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போதும் என் புத்தி குறுக்கேதான் ஓடியது. "ஃபைல் பேர மாத்திடலாம். ஆபரேஷனுக்கு முன்னாடியே நீங்க கொஞ்சம் காப்பி எடுத்து வச்சிருந்தீங்க, மறந்துட்டீங்க, இப்பதான் கிடைச்சுதுன்னு சொல்லிக் குடுத்துடலாம். அத்தானுக்குக் குரல் கிடைச்சுடும். யாருக்கும் ஒன்னும் தெரியாது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கடைக்காரருக்கு?"

நான் பென் டிரைவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"நாளைக்குக் காலைல போறோம்" என்றார்.

மறுநாள் அத்தான் வீட்டு முன்னறையில் நின்றுகொண்டே சொன்னார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. சீட்டை உரித்ததிலிருந்து படிவத்தில் டிக் போட்டது வரை எதையும் விடவில்லை. என் கேலியை மட்டும் விட்டுவிட்டார். நானும் அதை எடுத்துக் கொடுக்கவில்லை. கடைசியில் பென் டிரைவை மேஜைமேல் வைத்தார்.

அக்கா கம்ப்யூட்டரில் சொருகி ஒவ்வொன்றாகத் தட்டினார். "டேய், ரிமோட்ட எங்கடா வச்சீங்க" என்று அந்த வீட்டுச் சுவரெல்லாம் அதிர்ந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் திரும்பி, "அந்த மனுஷன நான் எவ்வளவு பேச்சுப் பேசினேன்? நடுத்தெருவுல வச்சு? வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?" என்றார். இவர் முகத்தில் ஈயாடவில்லை.

அத்தான் போனை எடுத்தார். ஏதோ டைப் அடித்தார். "நீ எல்லாம் ஒரு தம்பியாடா" என்று செய்தி வாசிக்கிற ஆள் மரியாதையாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னான். அத்தான் போனைச் சோபாவில் விட்டெறிந்தார். எழுந்து இவருக்கு நேரே வந்து நின்று வாயாலேயே திட்ட ஆரம்பித்தார். சத்தம் கிடையாது. உதடும் கையும் கழுத்து நரம்பும்தான். மூச்சு விடுவதற்காக ஆபரேஷனில் கழுத்தில் போட்ட துளையில் காற்று மட்டும் புஸ் புஸ் என்று வந்தது. ஏலம் விடுகிற வேகத்தில், மூச்சு வாங்க நின்று நின்று, ஐந்து நிமிஷம் திட்டியிருப்பார். இவர் குனியவில்லை. ஒரு சொல் விடாமல் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஓய்ந்ததும் அத்தான் பலகையை எடுத்தார். பேச்சுப் பயிற்சி அம்மாவுக்குப் போன் செய்யச் சொல்லித்தான் எழுதுகிறார் என்று நினைத்தேன். 'கடைக்குப் போலாம்' என்று எழுதியிருந்தார்.

நாலு பேரும் நடந்தோம். கடைக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்து இரண்டடி பின்னால் போனார். அது என் கண்ணில் பட்டது. அக்கா கண்ணிலும் பட்டிருக்க வேண்டும், அவர் சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

இவர் கல்லாவுக்குப் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில், "சார், அந்த டிஸ்க்க ஓட்டினது நான். உங்க மேல தப்பு இல்ல" என்றார்.

அத்தான் தெருவில் நின்றபடி வலது கையை, உள்ளங்கை வானத்தைப் பார்க்க, மெல்ல மேலே தூக்கினார். மார்க்கெட்டில் ஏலம் கேட்பவன் முணுமுணுத்தால் அவர் அப்படித்தான் தூக்குவார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல் என்று அர்த்தம்.

இவர் வெளியே படிக்கு வந்தார். "டிஸ்க்கக் கெடுத்தது நான்தான்" என்றார். கை இன்னும் உயர்ந்தது. டீக்கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

"கடைக்காரர் தொட வேண்டாம்னு சீட்டு ஒட்டிக் குடுத்தார்! நான்தான் உரிச்சுட்டு ஓட்டினேன்! ஓட்டலன்னு பொய் சொன்னேன்! இவர் மேல ஒரு தப்பும் இல்ல!"

அவ்வளவு சத்தம் அவருக்கு உண்டு என்று எனக்கே அன்றுதான் தெரியும். எதிர்மாடி ஜன்னல் ஒன்று திறந்தது. கடைக்காரர் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றார், கண் கலங்கியிருந்தது. முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். கைப்பையைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குக் கிளம்பத் தயாராகிவிட்டேன்.

அத்தான் கையை இறக்கவில்லை. அப்படியே என் பக்கம் திரும்பினார்.

அன்றைக்கு இந்தக் கடை வாசலில் நான் சொன்னதை அக்கா அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அல்லது காலையில் முன்னறையில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாரோ என்னவோ.

"அன்னிக்கு நானும்... தெரிஞ்சேதான் பேசினேன்" என்றேன்.

கை மேலே போனது.

"அவர் வேண்டாம்னுதான் சொன்னார். சீட்டக் கிழிக்கச் சொன்னது நான்" என்றேன். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். டீக்கடைக்காரர் அடுப்பைக் குறைத்துவிட்டுக் காது கொடுத்தார்.

கை இன்னும் மேலே போனது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.